யாருக்கு சல்யூட்?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



"குட்... மார்னிங்... சார்ர்ர்..."

இந்த இழுவை ஞாபகம் இருக்கா? நாற்பது குரல், ஒரே ராகம். யார் மெட்டுப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா கும்மிடிப்பூண்டியில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் அதே மெட்டுதான். வாத்தியார் உள்ளே வந்ததும் உடம்பு தானா எழுந்து நிற்கும். மனசு ஜன்னலுக்கு வெளியே இருந்தாலும் உடம்பு நிற்கும்.

இன்னிக்கு எபிசோட் அந்த எழுந்து நிற்கிற உடம்பைப் பத்திதான். பெரியவங்களை, தலைவர்களை மதிக்கணும்னு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நம்ம ஊர்ல ஏகப்பட்ட ஏற்பாடு இருந்திருக்கு. திண்ணைப் பள்ளி, சாரணர் இயக்கம், என்.சி.சி. இதுக்கெல்லாம் வெளியே, பேரே இல்லாத வேற ஏற்பாடுகளும் இருந்திருக்கு. இதையெல்லாம் காவிரி டெல்டாவுல வச்சுப் பார்க்கப் போறோம். ஏன்னா, நான் அந்த மண்ணு. அப்புறம், இந்த விஷயத்துல நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூணு நாள் முகாம்

எங்க கிராமம் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பாவுக்கு அரசு வேலை கிடைச்சதும் தஞ்சாவூர் டவுனுக்குக் குடிவந்துட்டோம். நான் ஏழாவது படிக்கிறப்போ சாரணர்ல சேர்ந்தேன். காக்கி யூனிஃபார்ம், கழுத்துல ஸ்கார்ஃப், அதைச் சேர்த்துப் பிடிக்கிற வளையம். கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை தடவை சல்யூட் அடிச்சுப் பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. மூணு விரல் சல்யூட். கடவுளுக்கும் நாட்டுக்கும் செய்யவேண்டிய கடமை ஒண்ணு, மத்தவங்களுக்கு உதவறது ஒண்ணு, சாரணர் விதிக்குக் கட்டுப்படறது ஒண்ணுன்னு சார் சொல்லிக்கொடுத்தார். கை குலுக்கறதுகூட இடது கையாலதான். அதெல்லாம் எங்களுக்கு ஏதோ ரகசியச் சங்கத்துல சேர்ந்த மாதிரி ஒரு பெருமை.

அந்த வருஷம் மூணு நாள் முகாம். காலையில கொடியேத்தம், அப்புறம் முடிச்சுப் போடற பயிற்சி, ராத்திரி கேம்ப் ஃபயர். சமையலுக்கு ஒரு மாஸ்டர். அவருக்கு ஒத்தாசையா ஒரு வயசானவர். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். அண்டா கழுவறது, விறகு பிளக்கறது, எங்க தட்டுல தண்ணி ஊத்தறது எல்லாம் அவர்தான். பசங்க அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. "யோவ், இங்க வா. தண்ணி ஊத்து." அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் சாரைப் பார்த்து விறைப்பா சல்யூட் அடிச்சிருப்போம்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் அவர் என்னை உத்துப் பார்த்தார். கிட்ட வந்து, "தம்பி, நீங்க நம்ம தெருப் பேரன்தானே?" அப்படின்னு கேட்டார். எங்க தாத்தா பேரைச் சொன்னார்.

என் கூட நாலு பசங்க நிக்கிறாங்க. நான் எந்த ஊர், எந்தத் தெருன்னு பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் சொன்னதில்லை. எங்களுடையது தலித் குடும்பம். தெருவைச் சொன்னா போதும், டெல்டாவுல மிச்சத்தை யாரும் கேட்க வேண்டியதே இல்ல.

நான் அவரைப் பார்த்து, "இல்ல. நீ வேலையப் பாரு"ன்னேன்.

பன்னெண்டு வயசுப் பையன், அறுபத்தஞ்சு வயசு மனுஷனை "நீ"ன்னான். அவர் ஒண்ணும் சொல்லல. "சரிங்க தம்பி"ன்னுட்டு அண்டா பக்கம் போயிட்டார். கடைசி நாள் ராத்திரி பரிசு கொடுத்தாங்க. நல்லொழுக்கத்துக்கான பரிசு எனக்குத்தான்.

இந்தக் கதையோட மிச்சத்துக்கு அப்புறமா வர்றேன். முதல்ல என் கழுத்துல இருந்த அந்த ஸ்கார்ஃப் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடுவோம்.

கேள்வி கேட்காம கீழ்ப்படி

சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1907-ல் பிரவுன்சீ என்ற தீவில் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். 1908-ல் அவருடைய கையேடு வெளிவந்தது. சாரணர் விதிகள் அந்தப் புத்தகத்தில்தான் முதலில் அச்சாயின.

அந்த முதல் வடிவத்துல ரெண்டு விதிகளைக் கொஞ்சம் கவனிக்கணும். ஒண்ணு விசுவாசம் பத்தினது. சாரணன் யாருக்கெல்லாம் விசுவாசமா இருக்கணும்னு ஒரு பட்டியல்: அரசர், அதிகாரிகள், நாடு. அதோட இன்னொருத்தரும் இருக்கார். முதலாளி. ஆமா, வேலை கொடுக்கறவருக்கும் விசுவாசமா இருக்கணும்னு சின்னப் பசங்களுக்கு விதி. இன்னொண்ணு கீழ்ப்படிதல் பத்தினது. தலைவர் சொன்னா கேள்வி கேட்காம செய்யணும். உத்தரவு பிடிக்கலைன்னாலும் முதல்ல செஞ்சு முடிச்சுடணும். ஆட்சேபணை இருந்தா அப்புறமா வந்து சொல்லிக்கலாம். ராணுவத்துல எப்படியோ அப்படி.

இதை மட்டும் கேட்டா பேடன் பவல் மேல கோபம் வரும். ஆனா அதே பட்டியல்ல, எந்த வர்க்கத்துல பிறந்திருந்தாலும் இன்னொரு சாரணன் உனக்குச் சகோதரன்னும் ஒரு விதி இருக்கு. அடுத்த விதி, எல்லார்கிட்டயும் பண்பா நடந்துக்கோன்னு சொல்லுது. அப்போ ஒரே பையன் கையில ரெண்டு விதமான மரியாதை கொடுக்கப்பட்டிருக்கு. ஒண்ணு மேலே இருக்கறவனுக்கு. இன்னொண்ணு பக்கத்துல நிக்கறவனுக்கு. எந்த ஊர்ல எது எடுபடும்ங்கறது அந்த ஊரைப் பொறுத்தது.

இந்தியாவுக்கு சாரணர் இயக்கம் 1909-ல் பெங்களூர் வழியா வந்தது. ஆரம்பத்துல ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பசங்களுக்கு மட்டும்தான். இந்தியப் பசங்களைச் சேர்க்க வெள்ளைக்கார அரசாங்கம் தயங்கினது. தடம் பார்க்கறது, சைகை கொடுக்கறது, அணியா நகர்றது இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா நாளைக்கு நமக்கு எதிராத் திரும்புவானோன்னு பயம். அதாவது, கீழ்ப்படிதலைக் கத்துக்கொடுக்கற பயிற்சியிலேயே கீழ்ப்படியாமைக்கான விதையும் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

முதல் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த 1916-17 வாக்கில் சென்னையில அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல் கூடச் சேர்ந்து இந்தியப் பிள்ளைகளுக்குன்னு ஒரு சாரணர் சங்கம் ஆரம்பிச்சார். அந்தப் பசங்க தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினாங்க, இந்தியப் பாட்டுப் பாடினாங்க. 1917 ஜூன்ல என்ன ஆச்சு? ஹோம் ரூல் கேட்டதுக்காக பெசன்டையும் அருண்டேலையும் சென்னை மாகாண அரசு ஊட்டியில காவல்ல வச்சது. கொஞ்சம் யோசிங்க. தலைவருக்கு விசுவாசமா இருக்கணும்னு சொல்லிக்கொடுத்த இயக்கத்தோட தலைவரே அரசாங்கத்தோட கைதி. அப்போ அந்தப் பையன் யாருக்கு விசுவாசமா இருக்கணும்? அந்த மூணு விரல் சல்யூட் யாருக்கு?

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தப்போ பெசன்டோட சங்கம் பெரிய அமைப்போட இணைஞ்சது. அப்புறமும் பிரிஞ்சு, சேர்ந்து, கடைசியா 1950 நவம்பர் 7-ல் பாரத் சாரணர் அமைப்பு உருவாச்சு. அரசர் போனார், நாடு வந்தது. முதலாளியும் விதியை விட்டுப் போனார். கேள்வி கேட்காம கீழ்ப்படியணும்ங்கறது போய், கட்டுப்பாடா இருக்கணும், பொதுச் சொத்தைப் பாதுகாக்க உதவணும்னு மாறிச்சு. பிரிட்டன்லயும் பிற்பாடு அந்த விசுவாசப் பட்டியல்ல ஒரு சேர்க்கை நடந்தது: உனக்குக் கீழே இருக்கறவங்களுக்கும் விசுவாசமா இரு. சின்னச் சேர்க்கைதான். ஆனா என்னைக் கேட்டா அந்த இயக்கத்தோட வரலாற்றுலேயே முக்கியமான திருத்தம் அதுதான். ஏன்னு சொல்றேன்.

பிரம்பும் சட்டாம்பிள்ளையும்

சாரணர் வர்றதுக்கு முன்னாடி நம்ம பிள்ளைகளுக்கு மரியாதை யார் சொல்லிக்கொடுத்தா? படிக்க முடிஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளி. தாமதமா வர வர அடியும் ஏறிக்கிட்டே போகும். முதல்ல வந்தவனுக்குச் சும்மா தொட்டுவிடறது, கடைசியில வந்தவனுக்குச் சுளீர். பெரிய தப்புக்குக் கோதண்டம். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல தொங்கணும். வாத்தியார் இல்லாதப்போ வகுப்பைப் பார்த்துக்கறவன் சட்டாம்பிள்ளை. அவனும் ஒரு மாணவன்தான்.

இந்தச் சட்டாம்பிள்ளை முறை சீமைக்கே போச்சு, தெரியுமா? 1789-ல் சென்னை எழும்பூர்ல ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணல்ல எழுதிப் படிக்கறதைப் பார்த்தார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கற ஒரு முறையைத் தன் விடுதியில உருவாக்கினார். 1797-ல் லண்டன்ல அதைப் பத்தி அச்சடிச்சார். இங்கிலாந்துல அதுக்குப் பேரே "மெட்ராஸ் சிஸ்டம்". ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் எக்கச்சக்கமா இந்த முறையில நடந்தது.

சட்டாம்பிள்ளைக்கும் சாரணர் அணித் தலைவனுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ரெண்டுலயும் ஒரு பையன் மத்த பசங்களுக்குத் தலைவன். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். சட்டாம்பிள்ளை வாத்தியாரோட கண்ணு, வாத்தியாரோட பிரம்பு. சாரணர் அணியில ஆறேழு பேர். அவங்க தங்களுக்குள்ள பேசி முடிவெடுக்கணும், அணித் தலைவன் அவங்களுக்காக சார்கிட்டப் பேசணும். சரியா நடந்தா அது ஒரு நல்ல ஏற்பாடு. இன்னிக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். என் அணித் தலைவன் எனக்கு ஜுரம் வந்தப்போ ராத்திரி முழுக்க முழிச்சிருந்தான்.

ஆனா திண்ணைப் பள்ளியிலயும் சரி, பிற்பாடு வந்த ஹைஸ்கூல்லயும் சரி, டெல்டாவுல யார் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தது? மிராசுதார் வீட்டுப் பிள்ளை, டவுன்ல உத்தியோகம் பார்த்தவங்க வீட்டுப் பிள்ளை. அந்த வயல்ல வேலை செஞ்சவங்க வீட்டுப் பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம். அதைத்தான் என் தாத்தா எனக்குச் சொன்னார்.

சின்ன ஆண்டே

முகாம் முடிஞ்ச அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சேதி போயிருந்தது. தாத்தா திட்டல. பரிசாக் கொடுத்த சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தன் பேர் எழுதத் தெரியும், அவ்வளவுதான். "என்ன போட்டிருக்கு இதுல?"ன்னு கேட்டார். "நல்லொழுக்கம்"னு வாசிச்சேன். "ம்"னார். அப்புறம்தான் பேச ஆரம்பிச்சார்.

அவர் பிறந்தது 1930-கள் ஆரம்பத்துல. எட்டு வயசுல பண்ணையில மாடு மேய்க்க விட்டாங்க. அவரோட அப்பா அந்தப் பண்ணையோட பண்ணையாள். பண்ணையாள்னா வெறும் கூலி இல்ல. குடும்பத்தோட அந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்டவங்க. கூலி நெல்லா வரும். கல்யாணம், சாவுன்னு வாங்கின கடன் தீரவே தீராது. குடியிருக்கற மனையும் பண்ணையோடது. எதிர்த்துப் பேசினா வீடே இருக்காது.

மாடு மேய்க்கற பையனுக்கு முதல் பாடம் மாட்டைப் பத்தி இல்ல. உடம்பைப் பத்தி. ஆண்டை வந்தா எங்கே நிக்கணும், எவ்வளவு தள்ளி நிக்கணும், தோள்ல துண்டு இருந்தா எப்போ இடுப்புக்கு வரணும், கை எங்கே இருக்கணும், முதுகு எவ்வளவு வளையணும். இதையெல்லாம் யாரும் உட்கார வச்சுச் சொல்லல. அப்பா நிக்கறதைப் பார்த்துப் பையன் நின்னான். பாடம் மறந்தா பெரியவங்களுக்கே சவுக்கடி, சாணிப்பால். மாட்டுச் சாணியைத் தண்ணியில கரைச்சு வாய்ல ஊத்தறது. இது கட்டுக்கதை இல்ல. இதை ஒழிக்கணும்ங்கறதே பிற்பாடு ஒரு போராட்டத்தோட முக்கியமான கோரிக்கையா இருந்திருக்கு.

தாத்தா சொன்னதுல எனக்கு மறக்காதது இது. ஆண்டை வீட்டுல அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன். தாத்தாவோட அப்பாவுக்கு அப்போ அம்பது வயசு இருக்கும். அவர் அந்தக் குழந்தையை "சின்ன ஆண்டே"ன்னு கூப்பிடணும், கையைக் கட்டிக்கிட்டு. அந்தக் குழந்தை அவரைப் பேர் சொல்லி, "டேய், இங்க வாடா"ன்னும். பக்கத்துல நின்னு மகன் பார்த்துக்கிட்டிருப்பான்.

"பெரியவங்களை மதிக்கணும்னு உங்க பள்ளிக்கூடத்துல சொல்றாங்களே, அது எங்க காலத்துலயும் சொன்னாங்க. யாரு பெரியவங்கன்னுதான் சொல்லல"ன்னார் தாத்தா.

அன்னிக்கு எனக்குப் பாதிதான் புரிஞ்சது. இன்னிக்கு வரலாறு படிக்கறப்போ முழுசாப் புரியுது. டெல்டாவுல மரியாதைங்கறது வயசுக்குக் கிடைச்சதில்ல. நிலத்துக்கும் சாதிக்கும் கிடைச்சது. ரெண்டு பிள்ளைகளுக்கும் பயிற்சி நடந்தது. ஒருத்தனுக்கு வளைய, இன்னொருத்தனுக்கு வளைய வைக்க. முதலாளிக்கு விசுவாசமா இருன்னு புத்தகத்துல ஒரு பையன் படிச்ச அதே காலத்துல, அதே ஆத்துத் தண்ணி பாயற வயல்ல இன்னொரு பையன் அதை முதுகால செஞ்சுக்கிட்டிருந்தான்.

அந்த முகாம்ல என்கிட்ட "சரிங்க தம்பி"ன்னாரே அந்தப் பெரியவர், அது சும்மா வந்த "ங்க" இல்ல. அவர் என் ஸ்கார்ஃபைப் பார்த்தார். என் குரலைக் கேட்டார். உடம்புக்குப் பழைய பாடம் ஞாபகம் வந்துடுச்சு. அந்த ஒரு நொடியில நான்தான் சின்ன ஆண்டை.

நிமிர்ந்து நிற்கிற பாடம்

1943 வாக்கில் மன்னார்குடி பக்கம் தென்பரையில விவசாயிகள் சங்கம் கால் ஊன்றியது. அதுக்காகக் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பினவர் பி. சீனிவாச ராவ். தாய்மொழி கன்னடம். தஞ்சாவூர்ச் சேரிகள்ல தங்கி, அவங்க வீட்டுலயே சாப்பிட்டு, அவங்க தமிழையே கத்துக்கிட்டு வேலை செஞ்சார். 1944-ல் மன்னார்குடியில நிலச்சுவான்தார்களும் சங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டாங்க. சவுக்கடி, சாணிப்பாலுக்கு எதிரான போராட்டத்துல அது ஒரு பெரிய திருப்பம். 1952-ல் ராஜாஜி ஆட்சியில சாகுபடிதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீனிவாச ராவ் 1961-ல் காலமானார். அவர் நினைவிடம் எங்க திருத்துறைப்பூண்டியில இருக்கு.

ஒப்பந்தம், சட்டம் எல்லாம் பாடப்புத்தகத்துல ஒரு வரியில வரும். எனக்கு முக்கியமாப் படறது வேற. ஒரு தலைமுறைக்கு உடம்புல ஏறின பாடத்தை எப்படி இறக்கறது? துண்டைத் தோள்ல போடுன்னா கை தானா இடுப்புக்குப் போகுமே?

தாத்தாவுக்கு அப்போ பன்னெண்டு வயசு. என் முகாம் வயசு. ராத்திரி தெருவுல அரிக்கேன் விளக்கு வச்சுக் கூட்டம். டவுன்ல இருந்து ஒரு சங்கத்து ஆள் வருவாராம். சட்டை போட்ட, படிச்ச ஆள். அவர் வந்ததும் வழக்கப்படி இவங்க எல்லாரும் எழுந்து கையைக் கட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னிருக்காங்க. அவர் ஒண்ணும் பேசல. எல்லாரும் உட்கார்ற வரைக்கும் அவரும் நின்னுக்கிட்டே இருந்தாராம். ரொம்ப நேரம். கடைசியா வேற வழியில்லாம இவங்க உட்கார்ந்தாங்க. அப்புறம்தான் அவரும் தரையில உட்கார்ந்தார். தாத்தாவைப் பார்த்து, "வாங்க தம்பி, விளக்குப் பக்கம் வாங்க"ன்னார். அவர்தான் தாத்தாவுக்குத் தன் பேர் எழுதச் சொல்லிக்கொடுத்தவர்.

"என்னை 'வாங்க'ன்னு சொன்ன முதல் வளந்த ஆளு அவருதான்"னார் தாத்தா. "அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் செஞ்சேன். கொடி பிடின்னாரு, பிடிச்சேன். ராத்திரில பத்து மைல் நடந்து சேதி கொண்டுபோன்னாரு, போனேன். ஆனா ஒண்ணு. எதுக்குன்னு கேட்டா சொல்லுவாரு."

பாருங்க, இங்கேயும் கீழ்ப்படிதல் இருக்கு. கட்டுப்பாடு இருக்கு, தலைவர் இருக்கார், கொடி இருக்கு. தாத்தா தலைவரே வேண்டாம்னு ஒதுங்கின ஆள் இல்ல. அவர் தன் தலைவருக்குக் கொடுத்த மரியாதை பண்ணையில கொடுத்ததைவிட அதிகம்தான். வித்தியாசம், இது ரெண்டு பக்கமும் போன மரியாதை. நான் முன்னாடி சொன்னேனே, கீழே இருக்கறவங்களுக்கும் விசுவாசமா இருன்னு ஒரு சேர்க்கை, அது இதுதான்.

1968: ஜனவரியும் டிசம்பரும்

சரி, நிமிர்ந்து நின்னதுக்கு விலை என்ன? 1968-ன்னு ஒரே வருஷத்தைப் பாருங்க.

முதல்ல ஜனவரி. 1948-ல் தொடங்கின என்.சி.சி.யில கட்டளைகள் எல்லாம் இந்தியில. "சாவ்தான்", "விஷ்ராம்". பையன் உடம்பு விறைக்கும், தளரும், ஆனா வார்த்தை அவன் மொழி இல்ல. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்கள் கையில இருந்தது. மாயவரம் ஏ.வி.சி. கல்லூரி மாணவர் சாரங்கபாணி அந்த வருஷம் மார்ச்ல தீக்குளிச்சு இறந்தார். டெல்டாப் பையன். 1967-ல் ஆட்சி மாறிச்சு. 1968 ஜனவரி 23-ல் அண்ணா ஆட்சியில சட்டமன்றம் நிறைவேத்தின மொழித் தீர்மானத்துல, என்.சி.சி.யில இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாதுங்கறதும் ஒரு பகுதி. கேள்வி கேட்காம கீழ்ப்படின்னு சொல்ற அணிவகுப்பு மைதானத்துக்கே பிள்ளைகள் ஒரு கேள்வியைக் கொண்டு வந்துட்டாங்க: கட்டளை யார் மொழியில?

அப்புறம் டிசம்பர். நாகப்பட்டினம் பக்கம் கீழ்வெண்மணி. கூலியில கொஞ்சம் நெல் கூடக் கேட்டாங்க. சங்கக் கொடியை இறக்கச் சொன்னா மறுத்தாங்க. 25-ஆம் தேதி ராத்திரி, உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள்ள ஒதுங்கினவங்களை வெளியே தாழ் போட்டுக் கொளுத்தினாங்க. 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

தாத்தா கீழ்வெண்மணி பத்தி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார்: "அந்தப் புள்ளைங்களுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கவே தெரியாதுடா. நாங்க சொல்லிக்கொடுக்கல."

ஒரு நிமிஷம் விட்டுடறேன்.

ரசம் நல்லா இருந்துச்சா?

இப்போ என் கதையோட மிச்சம். அன்னிக்கு சாயங்காலம் தாத்தா என்னைக் கூட்டிக்கிட்டுத் தெருக்கோடி வீட்டுக்குப் போனார். முகாம்ல அண்டா கழுவின பெரியவரோட வீடு. போற வழியில என்கிட்ட எதுவும் சொல்லல. மன்னிப்புக் கேளுன்னும் சொல்லல.

அவர் வாசல்ல கயித்துக் கட்டில்ல உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துக்கப் போனார். தாத்தா அவர் தோள்ல கையை வச்சு உட்கார வச்சுட்டு, தானும் பக்கத்துல உட்கார்ந்தார். நான் நின்னுக்கிட்டிருந்தேன். என் வாழ்க்கையில ஒரு பெரியவருக்காக நிஜமா எழுந்து நின்னது அன்னிக்குத்தான்னு நினைக்கிறேன். ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன், அது வேற விஷயம்.

"தாத்தா"ன்னு கூப்பிட்டேன். அதுக்கு மேல வார்த்தை வரல.

அவர் என்னைப் பார்த்தார். "ஏன்டா, மூணு நாளும் ரசம் வச்சேனே, நல்லா இருந்துச்சா இல்லியா? ஒருத்தனும் சொல்லலியே"ன்னார்.

"ங்க" இல்ல. "ஏன்டா". எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்தது.

எங்க சாரண ஆசிரியர் கெட்டவர் கிடையாது. நல்ல மனுஷன். எங்களை ஒரு தடவைகூடக் கை நீட்டினதில்ல. எல்லார்கிட்டயும் பண்பா நடந்துக்கணும்ங்கற விதியை மனப்பாடமாச் சொல்ல வச்சார். ஆனா தண்ணி ஊத்தின அந்தக் கை யாரோடதுன்னு அவரும் பார்க்கல, நாங்களும் பார்க்கல. மரியாதைப் பயிற்சி எப்பவும் மேல் பக்கம் பார்த்தே நடக்கறதுல இருக்கற சிக்கல் அதுதான்.

கொரோனாவுக்கு அப்புறம், 2021-ல் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வி திட்டம் ஆரம்பிச்சப்போ நான் ஊர்ல இருந்தேன். சாயங்காலம் எங்க தெருவுல, அதே தெருவுல பிறந்து காலேஜ் முடிச்ச ஒரு பொண்ணு தன்னார்வலர். பத்து இருபது பிள்ளைங்க. அவங்க அவளை "மிஸ்"னோ "மேடம்"னோ கூப்பிடல. "அக்கா"ன்னாங்க. வந்ததும் எழுந்து நிக்கற வழக்கமெல்லாம் இல்ல. ஆனா அக்கா பேசறப்போ அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. ஒரு பையன் நடுவுல, "ஏன்க்கா அப்படி?"ன்னான். அவ சொன்னா. தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது: எதுக்குன்னு கேட்டா சொல்லுவாரு.

இப்போ நீங்க. இதைக் கேட்கற பெரும்பாலானவங்க சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்ல இருக்கீங்க. உங்க அபார்ட்மென்ட்ல குழந்தைங்களுக்குக் கராத்தே கிளாஸ் இருக்கும், கோடைக்கால முகாம் இருக்கும். மாஸ்டருக்குக் குனிஞ்சு வணக்கம் வைக்கறது எப்படின்னு அழகாச் சொல்லிக்கொடுப்பாங்க. கிளாஸ் முடிஞ்சு அந்தக் குழந்தை கேட் வழியா வரும். அங்கே ஒரு வாட்ச்மேன் இருப்பார். உங்க அப்பா வயசு இருக்கும். குழந்தை அவரை என்னன்னு கூப்பிடுதுன்னு ஒரு நாள் காதுகொடுத்துக் கேளுங்க. அதுக்கும் முன்னாடி, நீங்க என்னன்னு கூப்பிடறீங்கன்னு கேளுங்க. குழந்தை அதைத்தான் கத்துக்கும்.

உங்க பள்ளிக்கூடத்துலயும் இப்படி ஒரு பெரியவர் இருந்திருப்பார். மணி அடிச்சவர், சத்துணவு ஆயா, பெருக்கினவர். அவங்க பேர் ஞாபகம் இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேருக்குப் பின்னாடி அண்ணன், அக்கா, தாத்தா, ஆயா ஏதாவது ஒண்ணு போட்டு அனுப்புங்க.

அந்த ரசம் நல்லாத்தான் இருந்தது. அன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.